அம்புக்குறி போட்ட நாற்காலி

அக்கா,

நேற்று மதியத்திலிருந்து என் விரல்களில் ஸ்பிரிட் வாசனை இருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. இரவு சோறு பிசையும்போதுகூட மூக்கருகே வந்தது. அந்த வாசனையோடு உங்கள் வீட்டுப் பின்பக்கமும் வந்துவிட்டது. துணி துவைக்கிற கல், கறிவேப்பிலைச் செடி, சாக்கின்மேல் குப்புறச் சாய்த்த நாற்காலிகள், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நீங்கள்.

நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகிறது. எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். நேற்று நடந்ததற்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் மகள் பத்தாவது படிக்கிறாள். பள்ளிக் கண்காட்சிக்குச் சார்ட் எழுதுகிறேன் என்று கூடத்து நாற்காலி ஒன்றைக் குப்புறச் சாய்த்து, அதன் அகலமான முதுகுப் பலகையை மேசையாக்கிக்கொண்டாள். ஜீரண மண்டலம். கடையில் வாங்கிய பெர்மனென்ட் மார்க்கர். தாளை எடுத்துப் பார்த்தால் மை ஊறி, மரத்தில் இன்னொரு ஜீரண மண்டலம் இறங்கியிருந்தது. அவள் அழாத குறை. நான் திட்டவில்லை. மரத்தில் பட்ட மார்க்கரை எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியும். கடைக்குப் போய் ஸ்பிரிட் வாங்கி வந்தேன். பழைய பனியனைக் கிழித்து, நனைத்துப் பிழிந்து, மரத்தின் ரேகை ஓடுகிற பக்கமாகவே துடைத்தேன். மை வந்தது. கூடவே பழைய பாலிஷும் கரைந்து வந்தது. பாலிஷ் போன இடத்தில், மரத்துக்குள்ளிருந்து, மங்கிய ஊதா நிறத்தில் ஓர் அம்பு மேல்நோக்கி எழும்பியது.

"அம்மா, இது நான் போடல!" என்றாள் மகள். "நான் போட்டதெல்லாம் கீழ போற அம்பு. சாப்பாடு மேல போனா அது வாந்தி."

எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த என் மாமியார் நிமிர்ந்து பார்க்காமலே பதில் சொன்னார். "உங்க தாத்தா பெங்களூர்ல ஆர்டர் குடுத்துச் செஞ்ச சேரு அது. செஞ்ச ஆளு அடையாளம் போட்டிருப்பான்."

இந்த வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்லப்படும் வாக்கியம் அது. பதினெட்டு வருடமாகக் கேட்கிறேன். கேட்கும்போதெல்லாம் அடுக்களையில் எனக்கு ஏதாவது வேலை இருக்கும். நேற்று அடுக்களைக்குப் போக முடியவில்லை. கையில் ஈரத் துணி. துணியின் கீழே உங்கள் வீட்டுக்காரர் காதர் அண்ணன் போட்ட அம்பு.

ஓசூரில் நம் லைன் வீடுகள் இருந்த தெருவை இப்போது பார்த்தால் அடையாளம் தெரியாது. அன்று கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. சேலத்துக்காரர், மதுரைக்காரர், தெலுங்கு பேசுகிறவர், கன்னடம் பேசுகிறவர் என்று ஒரே வரிசையில் ஒட்டிக்கொண்டு குடியிருந்தோம். கல்லாவியில் இருந்த கொஞ்சம் நிலத்தையும் விற்றுவிட்டு வந்த எங்கள் வீட்டில் இரண்டு முக்காலியும் ஒரு டிரங்குப் பெட்டியும்தான் ஆசனம். லைனில் நாற்காலி என்று மதித்துச் சொல்லத்தக்கவை உங்கள் வீட்டில் மட்டுமே இருந்தன. தேக்கு. நான்கு. உங்கள் கல்யாணத்துக்கு உங்கள் அத்தா கொடுத்தவை. யார் வீட்டில் பெண் பார்க்க வந்தாலும், காதுகுத்து என்றாலும், அவை தலைமேல் ஏறிப் போகும். மாலையில் திரும்பி வரும். நீங்கள் ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை.

ஒருமுறை ஒரு காதுகுத்து வீட்டிலிருந்து உங்கள் நாற்காலிக்குப் பதிலாகக் கால் ஆடும் வேறொன்று திரும்பி வந்தது. அதைத் தேடிப் பிடித்து மாற்றுவதற்குள் உங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அடுத்த நாள் காதர் அண்ணன் கம்பெனியிலிருந்து ஒரு தடித்த பேனாவோடு வந்தார். வெளிநாட்டிலிருந்து மெஷினோடு வந்த பேனா, தண்ணீர் பட்டாலும் போகாது என்று லைன் முழுக்கக் காட்டினார். அவர் டிஸ்பேட்ச் செக்‌ஷன். நாளெல்லாம் மரப்பெட்டிகளில் எழுதுகிற கை. உள்ளே உட்கார்ந்து எழுதிவிட்டு அவர் கூப்பிட்டபோது நானும் உங்களோடு ஓடிவந்து பார்த்தேன். ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எஸ்.எம்.காதர். அதன் கீழே 1/4, 2/4 என்று எண். பக்கத்தில், இந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று பெட்டிகளுக்குப் போடுகிற அம்பு.

"ஏங்க, இது சேரா பொட்டியா? அம்பு எதுக்கு?"

"கைப் பழக்கம். அம்பு போடலன்னா லோடு கெளம்பின மாதிரியே இருக்காது எனக்கு."

"இது என்ன மூணு பை நாலு?"

"மொத்தம் நாலு, இது மூணாவது. ஒண்ணு கொறஞ்சா சரக்கு வாங்கற பார்ட்டி கேக்கும்ல."

"எந்தப் பார்ட்டி?"

"நீதான் பார்ட்டி."

அன்றிலிருந்து அவர் உங்களைக் கூப்பிடுவதே "பார்ட்டி, டீ ரெடியா?" என்றுதான். நாற்காலியை யாரும் தலைகீழாக வைத்தால் "அம்பு மேல பாக்கணும், அம்பு மேல பாக்கணும்" என்று பின்னாலேயே போவார்.

அடுத்த வருடம் என்னைப் பெண் பார்க்க வருவதாகச் சேதி வந்தது. மத்தூர்ப் பக்கம், மாந்தோப்பு உள்ள குடும்பம், பையனுக்குக் கிருஷ்ணகிரியில் அரசாங்க வேலை. நான் பி.எஸ்சி. முடித்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன் வந்து பார்த்தவர்கள் எங்கள் வீட்டுக்குள் நுழைந்து ஒரு சுற்றுப் பார்வை பார்த்ததுமே முகம் மாறிப் போனவர்கள். இந்த இடமும் தட்டிப்போனால் அப்பா படுத்துவிடுவார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அம்மா உங்களிடம் நாற்காலி கேட்க வந்தபோது நான் பின்னால் நின்றிருந்தேன். கேட்பதில் அம்மாவுக்குச் சிரமம் இல்லை. அதற்குப் பிறகுதான் தடுமாறினாள்.

"எங்க வூட்டுல செவுத்தோரமா போடவும் எடமில்ல. வாசப்படி ஏறி வரவங்களுக்கு மொதல்ல சேரு முதுகுதான் தெரியும். அந்த எழுத்து... மேல துண்டு கிண்டு போட்டுடலாமான்னு..."

"நாலு சேருக்கும் துண்டு போட்டா சலூன் மாதிரி இருக்குமே" என்று சிரித்தீர்கள். சிரிப்பு முடியுமுன்பே, அம்மா அடுத்த வார்த்தையைத் தேடி எடுக்குமுன்பே, நீங்களே சொன்னீர்கள்: "எழுத்துதான? அழிச்சிரலாம். அதுல என்ன இருக்குது."

அம்மாவுக்கு இரண்டு காரணங்கள் இருந்தன, அக்கா. பெயர் தெரிந்தால் இரவல் நாற்காலி என்று தெரிந்துவிடும் என்பது ஒன்று. வருகிறவர்கள் ஒரு முஸ்லிம் பெயரைப் பார்த்து, இவர்கள் யாரோடு இவ்வளவு புழங்குகிறார்கள் என்று கேட்டுவிடக் கூடாது என்பது மற்றொன்று. முதல் காரணத்தை அம்மா பாதி சொன்னாள். இரண்டாவதைச் சொல்லவே இல்லை. அதைச் சொல்ல வேண்டிய நிலைக்கு அவளை விடக் கூடாது என்றுதான் நீங்கள் அவசரப்பட்டீர்கள். எனக்கு அது அப்போதே புரிந்தது. எனக்குப் புரிந்தது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நாற்காலிகளைப் பின்பக்கம் தூக்கிக்கொண்டு போனோம்.

எதையெல்லாம் போட்டுப் பார்த்தோம்! தேங்காய் எண்ணெய் போட்டதில் எழுத்து இன்னும் பளபளத்தது. எலுமிச்சையும் உப்பும் தேய்த்ததில் உங்கள் கைக் காயம் எரிந்ததுதான் மிச்சம். மண்ணெண்ணெய்க்குக் கொஞ்சம் அசைந்தது. காலேஜ் நாளில் வாங்கிய நகப்பாலிஷ் ரிமூவர் சின்னப் பாட்டிலில் கொஞ்சம் இருந்தது; பெருமையாக எடுத்து வந்தேன். எழுத்தைவிட மரத்தின் பாலிஷ் வேகமாகக் கிளம்பி, வெண்குஷ்டம் மாதிரி ஒரு திட்டு விழுந்தது. "பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி, போதும் தாயி" என்று என் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கினீர்கள். சாயங்காலம் காதர் அண்ணன் பஜாரில் ஸ்பிரிட் வாங்கி வந்தார். "எழுதினவனே அழிக்கவும் மருந்து வாங்கிட்டு வரேன் பாரு. எந்தக் கம்பெனியில நடக்கும்?"

ஸ்பிரிட்டுக்கு எழுத்து இளகியது. பெயரின் கடைசி எழுத்திலிருந்து நான் துடைத்துக்கொண்டு வந்தேன். துணி ஊதாவானது. அண்ணன் பக்கத்தில் குந்தியிருந்து வேடிக்கை பார்த்தார்.

"பாதிப் பேருதான் இருக்குது" என்றீர்கள் அவரிடம். "இப்பக் கூப்பிட்டா பாதி ஆளுதான் வரணும் நீங்க."

மூவரும் சிரித்தோம். பிறகு மீதிப் பாதியையும் துடைத்தேன். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

மரத்தின் ரேகைக்குள் இறங்கிய மை முழுதும் வரவில்லை. உப்புத்தாளால் தேய்த்து, வெளுத்த இடத்துக்கு டீத்தூள் டிகாக்‌ஷனைத் தடவி நிறம் கொண்டுவந்து, காய்ந்தபின் பாலிஷ் போட்டீர்கள். அடுத்த நாள் பார்த்தபோது எழுத்தும் இல்லை, அம்பும் இல்லை. உங்கள் நாற்காலிகளைப் போலவும் இல்லை.

பெண் பார்க்க வந்த அன்று காலையில் எனக்குத் தலை பின்னி விட்டவர் நீங்கள்தான். லைன் பெண்கள் எல்லோரும் எங்கள் வீட்டில் கூடியபோது, "அடுப்புல பால் வெச்சிட்டு வந்துட்டேன்" என்று கிளம்பிவிட்டீர்கள். அம்மா 'இருங்க' என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் உங்கள் வீட்டில் அன்று ஒரு பாத்திரம்கூட உருளவில்லை.

பையனின் அம்மா நாற்காலியின் கையைத் தடவிப் பார்த்தார். "எங்க வாங்கினீங்க?"

"பெங்களூர்ல ஆர்டர் குடுத்துச் செஞ்சது" என்றார் அப்பா. அவர் பொய் சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

"கெட்டியா இருக்குது. சீருக்குன்னு நீங்க புதுசா எதுக்குங்க வாங்கிக்கிட்டு? பொண்ணோட இதையே அனுப்பிருங்க, போதும்."

செலவை மிச்சப்படுத்துகிறோம் என்ற நல்ல எண்ணத்தில் சொன்ன சொல். அப்பாவின் கை நாற்காலியை இறுகப் பிடித்திருந்தது. தலை மட்டும் ஆடியது, சரி என்று.

மறுநாள் அம்மாவும் நானும் உங்களிடம் வந்தோம். அப்பா வரவில்லை. அம்மா சொல்லி முடித்ததும் நீங்கள் எழுந்து பின்பக்கம் போய்விட்டீர்கள். வாளி ஒன்று கல்லின்மேல் ஓசையாக விழுந்தது. நெடுநேரம் கழித்து வந்து, "அவரு வரட்டும், கேட்டுச் சொல்றேன்" என்றீர்கள். இரவு காதர் அண்ணன் எங்கள் வாசலுக்கு வந்தார். அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "டிஸ்பேட்ச் ஆன சரக்குங்க. ரிட்டன் எடுக்கறதில்ல."

அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இதே மாதிரி நாலு செய்து கொடுத்துவிடுகிறேன் என்றார். அதைப் பிறகு பார்க்கும்போதெல்லாம் சொன்னார். அவரை அதைச் சொல்ல வைக்கக் கூடாதென்று நீங்கள் அவர் எதிரே வருவதையே குறைத்துக்கொண்டீர்கள். அவர் சொல்லிக்கொண்டே இருந்து, செய்யாமலே போய்ச் சேர்ந்தார்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் என்னைத் தனியாகப் பிடித்து வைத்து ஒன்று சொன்னீர்கள். "எனக்குக் கோவம் இல்லன்னு மட்டும் நெனச்சுக்காத. இருக்குது. எங்க அத்தா குடுத்தது. ஆனா உன் மேல இல்ல, கண்ணு." நீங்கள் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால், மனசார வந்த பரிசு என்று நான் என்னை ஏமாற்றிக்கொண்டிருப்பேன். அந்த வசதியை நீங்கள் எனக்குத் தரவில்லை. அதற்காக உங்களுக்கு நன்றி சொல்ல நினைத்து, நினைத்து, சொல்லாமலே விட்டேன்.

மண்டபத்தில் சீர்வரிசையை வாசலருகே பரப்பியிருந்தார்கள். குத்துவிளக்கு, அண்டா, பீரோ, நான்கு நாற்காலிகள். மேடையிலிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது. நீங்கள் உள்ளே வந்தீர்கள். அவற்றின் அருகில் ஒரு நிமிடம் நின்றீர்கள். பிறகு போய் வாடகை இரும்பு நாற்காலி ஒன்றில், கடைசி வரிசையில் உட்கார்ந்தீர்கள். மைக்கில் மொய் வாசித்தார்கள். நீங்கள் கொடுத்த எவர்சில்வர் குடத்துக்குக் காதர் அண்ணன் பெயரைச் சொன்னார்கள். நாற்காலிக்குச் சொல்லவில்லை.

அதன்பின் லைனில் யாராவது நாற்காலி கேட்டு வந்தால் "ரிப்பேருக்குப் போயிருக்குது" என்று சொல்லி வந்தீர்களாம். அம்மாதான் எனக்குச் சொன்னாள். எத்தனை வருடம் ஒரு நாற்காலி ரிப்பேரில் இருக்கும்? லைனுக்குத் தெரியாதா என்ன? தெரிந்துகொண்டே கேட்பதை நிறுத்தினார்கள். நான் பிறந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் உங்களிடமும் வருவேன். பாயை உதறிப் போடுவீர்கள். "உக்காரு" என்று சொல்லும்போது உங்கள் குரலில் எதுவும் இருக்காது. நான்தான் தேடுவேன்.

உங்கள் சேதி கிடைத்து நான் பஸ் பிடித்து வந்து சேருவதற்குள் உங்களைக் கொண்டுபோய்விட்டார்கள். பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து வந்தவர் என்று யாரோ எனக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்கள். அதில் உட்கார என்னால் ஆகவில்லை. அடக்கம் முடிந்து வந்த காதர் அண்ணன் என்னைப் பார்த்ததும் நின்றார். உருவமே சுருங்கிப்போயிருந்தார். என்ன சொல்வது என்று தெரியாமல் நான் கைகூப்பினேன். அவர் கேட்டார்: "அம்பு மேலதான பாத்துட்டு இருக்குது?"

இருக்கிறது என்றேன். அம்பே இல்லை என்று இருவருக்கும் தெரியும். அப்படித்தான் நினைத்திருந்தோம்.

நேற்று அது வந்து நின்றது. பக்கத்தில் 3/4. இன்னும் கொஞ்சம் துடைத்தால் அண்ணனின் பெயரும் வரும் போலிருந்தது. மாமியார் வழக்கமான வாக்கியத்தைச் சொல்லி முடித்திருந்தார். மகள் என்னைப் பார்த்தாள்.

"இல்லீங்க அத்தை" என்றேன். "அப்பா செஞ்சது இல்ல. ஓசூர்ல எங்க பக்கத்து வீட்டு அக்காவோடது." உங்கள் பெயரை முழுதாகச் சொன்னேன். இந்த வீட்டுக் கூடத்தில் அந்தப் பெயரை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. பெயர் எழுதியிருந்ததையும் நாம் அழித்ததையும் சொன்னேன். அம்மா சொல்லாமல் விட்ட இரண்டாவது காரணத்தையும் சேர்த்தே சொன்னேன்.

மாமியார் அவரைக்காயை நிறுத்தவில்லை. இரண்டு மூன்று உரித்து முறத்தில் போட்ட பிறகு பேசினார்.

"தெரியும்."

நான் துணியைக் கீழே வைத்தேன்.

"அன்னிக்கு மண்டபத்துல அந்தம்மா வந்து சேருகிட்ட நின்னாங்க. சேரோட கையில தூசி இருந்துச்சு போல. முந்தானையால தொடச்சிட்டு, அப்பறம்தான் அந்தாண்ட போனாங்க. அடுத்தவங்க பொருள யாரும் அப்பிடித் தொடைக்க மாட்டாங்க. பொண்ணுக்கு நீங்க என்ன வேணும்னு போய்க் கேட்டேன். 'பக்கத்து வூடு'ன்னாங்க. அவ்ளோதான் சொன்னாங்க."

"அப்ப எதுக்கு அத்தை வர்றவங்ககிட்டயெல்லாம் பெங்களூர்னு..."

"உங்கப்பன் சபையில சொன்ன வார்த்தை. நான் மாத்திச் சொன்னா அந்த மனுசன் மானம் போவாதா? நீயும் வாயத் தொறக்கல. சரி, இப்பிடியே போவட்டும்னு இருந்தேன்."

நீங்கள் முந்தானையால் துடைத்ததை நான் பார்க்கவில்லை, அக்கா. மேடையிலிருந்து உங்களைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். எந்த நொடியில் குனிந்துகொண்டேன் என்று தெரியவில்லை. அந்நியராக வந்தவர் கண்ணில் பட்டது என் கண்ணில் படவில்லை. அப்பாவின் மானத்தை நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து காப்பாற்றியிருக்கிறோம். அம்மா, நான், மாமியார், காதர் அண்ணன், நீங்கள். ஆளுக்கொரு பொய். அதில் பொருளையும் கொடுத்துப் பொய்யையும் சொன்னது உங்கள் வீடு மட்டும்தான்.

மகள் இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்தாள். குனிந்து 3/4 என்ற எண்ணை விரலால் தடவினாள். பிறகு மற்ற மூன்று நாற்காலிகளையும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"நாலையும் குடுத்துட்டாங்களா? அப்போ அவங்க எதுல உக்காந்தாங்க?"

மாமியாரின் கை அப்போதுதான் நின்றது. உங்கள் பாயில் அத்தனை முறை உட்கார்ந்து எழுந்தவள் நான். அந்தக் கேள்வியை நான் ஒருமுறையும் கேட்டுக்கொண்டதில்லை.

மகளின் மை முழுதும் போய்விட்டது. பாலிஷ் போன இடம் வெளுத்துத் திட்டாக நிற்கிறது. டிகாக்‌ஷன் தடவி நிறம் கொண்டுவர எனக்குத் தெரியும், நீங்கள் செய்ததைப் பார்த்திருக்கிறேன். செய்யப் போவதில்லை. நாற்காலியை நிமிர்த்தி, வாசலில் நுழைகிறவர்களுக்கு முதுகு தெரியும்படி போட்டிருக்கிறேன். யாராவது கேட்பார்கள். கேட்டால் உங்கள் பெயரைச் சொல்வேன். அதனால் எதுவும் திரும்பி வராது என்று தெரியும்.

அம்பு மேலே பார்த்துத்தான் இருக்கிறது என்று அண்ணனிடம் போய்ச் சொல்ல வேண்டும். இந்த முறை பொய்யில்லை. அங்கே போனால் பாயைப் போடச் சொல்லி, அதில் உட்கார்ந்து சொல்வேன். விரலில் வாசனை இன்னும் இருக்கிறது. இதை எழுதுகிற தாளிலும் ஏறியிருக்கும்.